மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் பிக்கப்: கொக்குவில் கராச்சில் இதுவரை நடந்தது

இஞ்சின் திரும்பவும் பிக்கப்புக்குள் ஏறிவிட்டது. ஸ்டார்ட் ஆகிறது, சூடேறாமல் நின்று ஓடுகிறது. பிறேக் இன்னும் பூட்டவில்லை, அதனால் கராச் முற்றத்தைத் தாண்டவில்லை. மறக்குமுன் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், பழைய வாகனம் ஒன்றை ஊரிலேயே ஒரு சின்னக் கராச்சில் கொடுத்துத் திருத்த யோசிக்கிறவர்களுக்கும் உதவும்.

வாகனம் மொறிஸ் மைனர் பிக்கப், 948 சிசி. 1956இல் வந்து 1962இல் 1098 சிசிக்கு இடம் விட்ட இஞ்சின் இது. மொறிஸ் மைனர் காரை எங்கள் பக்கம் தெரியாத ஆள் இல்லை, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது. பிக்கப்பும் வானும் 1953இல்தான் வந்தன. முகம் ஒன்றுதான், ஆனால் காருக்குத் தனிச் சசி கிடையாது, உடம்பும் சசியும் ஒன்றாகவே அடித்தது. பிக்கப்புக்குத் தனிச் சசி, அதாவது தனி அடிச்சட்டம். அந்தத் தனிச் சசிதான் நான் துணிந்து இறங்கியதற்கே காரணம், கபினையும் பின் பெட்டியையும் கழற்றி வைத்துவிட்டு எது உக்கிப்போனது, எது தப்பியது என்று வெளிச்சத்தில் பார்க்கலாம்.

வண்டி கொடிகாமத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. 1995 போர் இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்குச் சாமான் ஏற்றி வந்து அங்கேயே நின்றுவிட்டது என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். பிறகு இடைக்கிடை ஓடியிருக்கிறது.

கொழும்பில் பழைய கார்களை முழுதாகத் திருத்திப் பளபளவென்று கையில் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் வண்டியை அங்கே விட்டுவிட்டு இங்கே இருந்து போனில் கதைத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் தகரக் கொட்டகை, ஒரு குழி, பனை வளையில் தொங்குகிற செயின் புளொக், அண்ணை ஒருவர், அவருடைய மருமகன், அவ்வளவுதான் நான் தேர்ந்த கராச். அண்ணை அந்தக் காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மைனரும் திருத்தியே கை பழகியவர். ஆனால் அவருடைய சீவியம் ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும்தான் ஓடுகிறது, என் பிக்கப்பில் இல்லை. இதை முதல் நாளே வெளிப்படையாகக் கதைத்துக்கொண்டோம். ஓட்டோ வந்தால் ஓட்டோ முதலில், ஏனென்றால் அது ஒருவருடைய அன்றைய உழைப்பு. வேலை குறைந்த நாளில் பிக்கப். மொத்தத்துக்கு இவ்வளவு என்று விலை பேசவில்லை. கழற்றுவது ஒரு கட்டம், இஞ்சின் ஒரு கட்டம், சசி ஒரு கட்டம், ஒவ்வொன்றும் முடிய நாட்கூலிக் கணக்குப் பார்த்துக் காசு. சாமான் எல்லாம் நானே வாங்கிக் கொடுப்பது, பில் என்னிடம். கழற்றுகிற ஒவ்வொரு போல்ற்றும் பெயர் எழுதிய பால்மா ரின்னுக்குள் போகவேண்டும், அது என் வேலை. துடைப்பது, கறள் சுரண்டுவது, படம் எடுப்பது, அதுவும் என் வேலை. இப்படிப் பிரித்துக்கொண்டதால் இன்றுவரை ஒரு மனக்கசப்பும் வரவில்லை. முழுத்தொகை சொல்லுங்கோ என்று நெருக்கினால் எந்தச் சின்னக் கராச்சும் பயத்தில் கூட்டித்தான் சொல்லும், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் சலித்துப்போகும்.

இனி இஞ்சின். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது, அதற்கும் கீழே உள்ள புளொக்குக்கும் இடையில் ஒன்றாக இருக்கவேண்டிய காஸ்கட் தகட்டின் ஓரத்தை அண்ணை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இங்கை பார், ரெண்டு காஸ்கட் போட்டுக் கிடக்கு. இது மண்ணெண்ணெயிலை ஓடின இஞ்சின்” என்றார். ஒன்றின் மேல் ஒன்றாக, செம்புத் தகட்டு ஓரங்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. இருந்த கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெயில் பிடிக்க வைப்பார்கள், ஏனென்றால் குளிர்ந்த இஞ்சினில் அது ஆவியாகாது. மண்ணெண்ணெய் பெற்றோல் அளவுக்கு அமுக்கம் தாங்காமல் முந்தி வெடித்து இஞ்சின் தட்டும். அதற்குத்தான் இரண்டாவது காஸ்கட், ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் அமுக்கம் குறையும், தட்டலும் குறையும். எண்ணெய் வரும் செம்புக் குழாய் ஒன்றும் சைலன்சர்க் குழாயில் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது, போகிற சூட்டில் மண்ணெண்ணெயைச் சூடாக்க. மொறிஸ் கொம்பனியின் கைநூலில் இதில் ஒன்றும் இராது. அந்தக் காலத்தில் அந்த வேலையைச் செய்த கை பக்கத்தில் நின்றபடியால்தான் எனக்கு விளங்கியது, இல்லாவிட்டால் யாரோ தெரியாமல் செய்த பிழை என்று நினைத்திருப்பேன். பழைய காஸ்கட்டில் கல்நார் இருக்கும் என்பதால் நனைத்து எடுத்துப் பையில் கட்டினோம். செம்புக் குழாயை நான் எறியவில்லை.

மண்ணெண்ணெயின் மற்ற விளைவு கீழே இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி இறங்கி இஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங் தேயும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கில் விரலை ஓட்டினாலே வரி வரியாகத் தட்டுப்பட்டது. சுன்னாகத்தில் லேத் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து 0.020 அங்குலம் குறைத்து அரைத்து, அதற்கேற்ற பெயாரிங் போட்டாயிற்று. ஹெட்டில் எக்சோஸ்ற் வால்வு இருக்கைகளுக்குக் கடினமான வளையம் இறக்கினோம். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது, அந்த ஈயம்தான் இந்தப் பழைய வார்ப்பிரும்பு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. இனி ஒரே காஸ்கட், 92 ஒக்ரேன்.

அதைவிட அதிக நேரம் தின்றது தண்ணீர். புளொக்கின் பக்கத்தில் தண்ணீர் ஓடும் வழியை மூடியிருக்கும் கோர் பிளக்கைத் தட்டி எடுத்தால் உள்ளே கேத்திலின் அடி மாதிரி வெள்ளை படிந்து கல்லாகிக் கிடக்கிறது, கடைசிச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போக வழியே இல்லை. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக றேடியேற்றருக்குள் ஊற்றினால் வேறென்ன வரும்? கம்பியால் குத்திக் குத்தி எடுத்து, பிறகு சிற்றிக் அமிலம் கரைத்து ஊறவிட்டு, கழுவி, திரும்பவும் ஊறவிட்டோம். ஹெட்டும் புளொக்கும் வார்ப்பிரும்பு என்பதால் அண்ணை துணிந்தார், அலுமினியம் என்றால் வேண்டாம் என்றிருப்பார். இப்போது மழைத்தண்ணீரும் கூலன்றும்தான். ஊரில் பழைய வாகனம் வைத்திருக்கிற எல்லாரையும் கேட்கிறேன், கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

பார்க்க வந்த பலபேர், ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றைத் தூக்கி வை, சுகம் என்றார்கள். எனக்குச் சரிவராது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலைச்சல், அது ஒரு பக்கம். முன்சில்லுக்கு இருப்பது 7 அங்குல டிரம் பிறேக், அதை வைத்துக்கொண்டு கூடின சக்தியை என்ன செய்வது? அதோடு இந்த 948 அந்த வருசங்களை ஓடிக் கடந்த இஞ்சின். அதைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்திருக்க நான் இந்த வண்டியை வாங்கவில்லை.

முன் பக்கத்தில் கட்டாயம் பார்க்கவேண்டியது ட்ரனியன், சில்லைத் தாங்கும் கால் மரையால் பூட்டித் திரும்பும் மூட்டு. காலின் கீழ் மரை தேய்ந்தால் ஒருநாள் கால் கழன்று சில்லு மடங்கிவிடும், மைனரின் பேர்போன வருத்தம் அது. கிறீஸ் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் வேறு வேறு. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடை இரண்டையும் ஒரே பக்கத்துக்கு உரியதாக அனுப்பிவிட்டது, பஸ்ஸில் திருப்பி அனுப்பி மாற்றி எடுக்கவேண்டியிருந்தது. இத்தனைக்கும் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கு இலங்கையிலேயே மைனரின் உடம்புத் தகடு அடித்து அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது.

சசியில் பின் வில்லுத்தட்டு பூட்டும் இடங்கள் இரண்டும் உப்புக்காற்றில் உக்கிப்போயிருந்தன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணியாயிற்று, மருமகனின் கை அண்ணையின் கையைவிட வடிவு.

இனி பிறேக். மைனரில் பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சசிச் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ற்றுகளை உருவ முன்பக்கத்தில் வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி விடாது, குறுக்கே நிற்கும். கம்பியை இறக்கித்தான் பழையதை எடுத்தோம். திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளை மறுபக்கத்தால் விடுவதென்று அண்ணை முடிவெடுத்திருக்கிறார், அடுத்த முறை கழற்றும்போது கம்பியில் கை வைக்கத் தேவையில்லை. சிலிண்டர் ஸ்லீவ் அடித்து லேத்தில் இருந்து வந்துவிட்டது, ரப்பர்களும் வந்துவிட்டன. புதுக் குழாய்களை வளைத்துப் பூட்டி, அவற்றுக்குள் இருக்கும் காற்றை எடுத்து முடிந்தால், பிக்கப் முதலில் போகப்போவது ஒழுங்கை முனைவரைக்கும்தான், அண்ணைதான் ஓட்டுவார்.