பழிப்பணத்தில் தாய்மாமன் பங்கு

பழிப்பணம் என்றால் கொலைக்கு ஈடாகக் கட்டும் தொகை. ஐஸ்லாந்துப் பழங்கதைகளைப் படிக்கும் சுங்கை சிப்புட் நண்பர்கள் கேட்பது இது: ஒருவன் கொலை செய்தால் அவன் மாமன் மகன் ஏன் பணம் கட்டவேண்டும்?

930-இல் கூடத் தொடங்கிய ஆல்திங் பேரவையில் சட்டமும் வழக்குமன்றமும் இருந்தன. தீர்ப்பை நிறைவேற்ற அரசனோ காவலனோ இல்லை. வென்றவனே ஆள் திரட்டி நிறைவேற்றவேண்டும். ஆள் என்றால் உறவு. குற்றமும் உறவின் மேலேயே விழுந்தது.

கிராகாஸ் சட்டத்தொகுப்பு இதற்கு நான்கு படி வைத்தது. 1 மார்க் என்பது 8 அவுன்ஸ் வெள்ளி. முதல் படி 3 மார்க்: தகப்பன், மகன், உடன்பிறந்தவன். அடுத்தது 20 அவுன்ஸ்: இருபக்கத் தாத்தாக்கள், பேரன்கள். மூன்றாவது 2 மார்க்: சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், அண்ணன் தம்பி பிள்ளை, அக்கா தங்கை பிள்ளை. கடைசி 12 அவுன்ஸ்: சித்தப்பா மகன், மாமன் மகன், அத்தை மகன், பெரியம்மா மகன் எல்லாரும். கொன்றவன் பக்கத்தில் ஒரு படி கொடுப்பதை இறந்தவன் பக்கத்தில் அதே படி வாங்கும். நான்கும் சேர்ந்து 72 அவுன்ஸ்.

இங்கே பங்காளி வேறு, மாமன் மச்சான் வேறு. அங்கே இருவருக்கும் ஒரே பொறுப்பு. லயத்து வீடுகளில் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கு இதன் விளைவு சட்டென்று புரியும். ஒரே ஆள் இரு தரப்புக்கும் உறவாகிவிடுவான். பழிவாங்கக் கூப்பிட்டால் தயங்குவான், சமாதானம் பேச முந்துவான். பழியைக் கட்டுப்படுத்தியது இந்த நடு ஆட்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கொன்றவன், இறந்தவனின் உடலை மூடிவைத்து, அன்றே அருகிலுள்ள வீட்டில் அறிவிக்கவேண்டும். மறைத்தால் அது இழிவான ரகசியக் கொலை.

கதைகளில் சமாதானம் இந்தப் பட்டியல்படி நடப்பது அரிது. நடுவர்கள் தொகை சொல்வார்கள். நியால் கதையில், நியாலின் மகன்கள் செய்த ஹோஸ்குல்டு கொலைக்கு மும்மடங்குத் தொகை தீர்மானித்து, நடுவர்களே பாதியைப் போட்டார்கள். குவிந்த வெள்ளியின் மேல் நியால் ஒரு பட்டு அங்கியை வைத்தார். யார் வைத்தது என்று, ஹோஸ்குல்டு தரப்பில் நின்ற ஃபுளோசி கேட்டபோது நேரான பதில் வரவில்லை. வசைதான் வளர்ந்தது, சமாதானம் முறிந்தது. முன்பே ஹோஸ்குல்டின் மனைவி ஹில்டிகுன், இரத்தம் உறைந்த கணவனின் அங்கியைச் சித்தப்பன் ஃபுளோசியின் தோளில் எறிந்திருந்தாள். அந்த மானம் வெள்ளிக்கு அடங்கவில்லை. ஃபுளோசியும் அவன் ஆட்களும் நியாலை வீட்டோடு எரித்தார்கள்.

தப்பிய காரி, நியாலின் மகளை மணந்தவன், சமாதானத்தை ஏற்காமல் எரித்தவர்களைப் பல ஆண்டு துரத்திக் கொன்றான். கடைசியில் ஃபுளோசியோடு சமாதானமாகி, அதே ஹில்டிகுன்னை மணந்துகொண்டான்.