கேமுக்கு 12, பையனுக்கு 11

மே 3, 2025, சனி

கேட்டேவிட்டான். கடைசி ஆள் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுகிற அந்த கேம்தான் வேண்டுமாம். "எல்லாரும் ஆடுறாங்கப்பா" என்றான். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டதில் மூன்று பெயர் தேறியது.

அதற்குப் போட்டிருக்கும் வயது 12. இவனுக்கு டிசம்பரில்தான் 12 முடிகிறது. "ஏழு மாசந்தானே குறையுது?" கணக்கில் இவ்வளவு வேகம் காட்டி நான் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பா யோசிப்பது என்றால் அம்மாவிடம் கேட்பது என்று அவனுக்கும் தெரியும்.

மே 4, ஞாயிறு

அந்த 12 எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஐரோப்பாவில் 2003 முதல் இருக்கும் பெகி என்ற வயது மதிப்பீட்டு முறை அது. 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள். அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி என்று தனியாக ஒன்று, அது 1994-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் 'மார்ட்டல் காம்பட்' மாதிரியான வன்முறை கேம்களைப் பற்றி செனட்டில் விசாரணை நடந்து பெரிய அமளியானது. அரசாங்கம் கை வைப்பதற்குள் கேம் கம்பெனிகளே முந்திக்கொண்டு வயது போட ஆரம்பித்துவிட்டன.

என் அண்ணன் இத்தனை நாளாக அந்த எண்ணை, ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கான அளவு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "என் பையன் கெட்டிக்காரன்டா, எட்டு வயசிலேயே பதினாறு ஆடுறான்" என்று பெருமை வேறு. நான் சிரிக்கவில்லை. போன வாரம் வரை எனக்கும் முழுதாகத் தெரியாது.

எண் சொல்வது கேமுக்குள் என்ன வரும் என்பதைத்தான், கஷ்டத்தை அல்ல. 7 என்றால் கார்ட்டூன் அடிதடி. 12-இல் மனித உருவங்களை அடிக்கலாம், சுடலாம், ஆனால் நிஜம் போல இருக்கக்கூடாது. நிஜம் போலவே இருந்தால் 16. காரணமே இல்லாமல் கொல்வது, எதிர்க்க வழியில்லாதவரை வதைப்பது என்று வந்தால் 18.

மே 6, செவ்வாய்

சண்டை கேம் ஆடினால் பிள்ளைகளுக்கு முரட்டுத்தனம் வருமா என்ற ஆராய்ச்சிகளைப் படித்தே பாதி ராத்திரி போனது. ஆய்வுக்கூடத்தில் கோபத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கொஞ்ச நேரம் சண்டை கேம் ஆடவிட்டு, பிறகு ஆடியவர் எதிராளியின் காதில் எவ்வளவு சத்தமாக இரைச்சலை ஏற்றுகிறார் என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால், காரமே பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரச் சாஸ் ஊற்றுகிறார் என்று. இதை வைத்துப் பார்த்தால் என் மாமியாரை உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் 2019-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி. சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகள், 14, 15 வயது. பிள்ளையின் முரட்டுத்தனத்தைப் பெற்றோரிடம் கேட்டார்கள். கேம் எவ்வளவு வன்முறை என்பதை அந்த வயது எண்களை வைத்தே முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2020-இல் சொன்னது இன்னும் பக்குவமானது: கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு கேம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது.

நிம்மதியோடு மனைவியிடம் காட்டினேன். "அந்த ஆயிரத்துல நம்ம பையன் இல்லையே" என்றாள். அவனுக்கு 14-ம் ஆகவில்லை. சரி.

மே 8, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. கதவை மட்டும் சத்தமாகச் சாத்துகிறான். ஒரு கேமும் ஆடாமலே.

மே 10, சனி

பிள்ளைகள் தூங்கியதும் நானே இறக்கிக்கொண்டு ஆடினேன். முதல் ஆட்டத்தில் குதித்து, ஒரு வீட்டுக்குள் நுழைந்து, துப்பாக்கியைக் கண்டு குனிவதற்குள் முடித்துவிட்டார்கள். ரத்தம் இல்லை. விழுந்த உடல் நீலமாக மினுங்கி மறைந்தது. சுட்டவன் என் தலைமாட்டில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டுப் போனான். அவமானமாக இருந்ததே தவிர, பயங்கரமாக இல்லை.

அப்புறம்தான் ஹெட்செட்டை மாட்டினேன். என் அணியில் முன்பின் தெரியாத மூன்று பேர். ஒருவர் குரலைக் கேட்டால் என் வயது இருக்கும். நான் தவறி விழுந்ததும் என் அம்மாவை இழுத்துத் திட்டினார். அடுத்து ஒரு குழந்தைக் குரல், எட்டு வயதுகூட இருக்காது. "என்னை எழுப்பி விடுங்க, ப்ளீஸ், எழுப்பி விடுங்க" என்று அழுகையோடு கெஞ்சிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் அதையும் விடவில்லை. மணி பன்னிரண்டரை. எந்த வீட்டுப் பிள்ளையோ.

ஆன்லைனில் மற்றவர்களோடு நடப்பதற்குத் தாங்கள் மதிப்பீடு போடுவதில்லை என்று ஈஎஸ்ஆர்பி ஒரு வரி போடுகிறது. அந்த வரியை இன்றுதான் கவனித்தேன்.

மே 11, ஞாயிறு

குரலை அணைத்துவிட்டு இருவரும் மாறி மாறி ஆடினோம். "இடது பக்கம்ப்பா, இடது! ஐயோ, அது வலது!" ஒரு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறான்.

இடையில் சின்னவள் வந்து சோபாவில் ஏறிக்கொண்டதை இருவரும் பார்க்கவில்லை. அவளுக்கு ஆறு வயது. "அந்த மாமா எழுந்துருவாரா?" என்றாள். "அது மாமா இல்ல, பாட், கம்ப்யூட்டரே ஆட்டுற பொம்மை" என்றான் இவன், கண்ணை எடுக்காமல். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. 12 என்பதைக் கையில் பிடித்திருப்பவனுக்கு மட்டும் பார்த்தால் போதாது போல.

நிறுத்து என்றதும் காது சிவந்துவிட்டது அவனுக்கு. சுட்டதனால் வந்த கோபமா, நிறுத்தச் சொன்னதால் வந்ததா? தோற்கிற நேரத்தில் சதுரங்கக் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போன ஒரு பையனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் இப்போது நாட்குறிப்பு எழுதுகிறான்.

மே 13, செவ்வாய்

அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை கையில துப்பாக்கியாடா கொடுக்கப்போறே?"

வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்பதற்கு கலிஃபோர்னியா போட்ட தடை 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததைச் சொன்னேன். நீதிபதிகளில் ஏழுக்கு இரண்டு. சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்லும் குழந்தைகளின் கதையைத்தானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம் என்று தீர்ப்பிலேயே நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார். "நீயும்தான் இரணியன் குடலை உருவிய கதையைச் சொல்லி என்னைத் தூங்க வெச்சே" என்றேன்.

"நான் பக்கத்துல உக்காந்து சொன்னேன். நீ போர்வையை இழுத்தா நிறுத்தினேன்" என்றாள். பிறகு என் முதுகுவலியைப் பற்றி விசாரித்தாள்.

மே 17, சனி

கொடுத்தாயிற்று. கூடத்தில்தான் ஆட வேண்டும். குரல் அந்த மூன்று நண்பர்களோடு மட்டும். சின்னவள் தூங்கிய பிறகு இரண்டு ஆட்டம். நிமிடக் கணக்கு வேண்டாம், பாதியில் எழுந்தால் அணியை மாட்டிவிட்ட மாதிரி ஆகிறது என்று அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. பணம் கட்டும் இடத்துக்கு என் பாஸ்வேர்டு. 16 போட்டது இப்போதைக்குப் பேச்சே இல்லை.

மனைவிக்கு முழுச் சம்மதம் இல்லை. "பார்க்கலாம்" என்றாள். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று பதினான்கு வருடமாக எனக்குத் தெரியும்.

மே 25, ஞாயிறு

சாயங்காலம் நண்பன் வீட்டுக்குப் போய் வந்தான். வந்ததிலிருந்து பேச்சு குறைவு. ஆட்டமும் கேட்கவில்லை. படுக்கும்போது விளக்கு எரியட்டும் என்றான். இரண்டு வருடமாகக் கேட்காத ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க அண்ணன் பதினெட்டு போட்டது வெச்சிருக்கான்ப்பா. நான் ஆடல."

"பார்த்தியா?"

"கொஞ்சம். ஒருத்தரை நாற்காலியில கட்டி வெச்சிருந்தாங்க."

மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன், மூச்சு சீராகும் வரை. விளக்கை அணைக்கவில்லை.

நாளைக்கு அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் போட வேண்டும். நல்ல மனுஷர். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் புரியவில்லை.