டைல்ஸ் வெட்டும்போது கிளம்புகிற அந்த வெள்ளைத் தூசி

வீடு கட்டுபவர்களுக்கும் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கோயம்புத்தூர் பக்கம் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். சென்ட்ரிங் அடிக்கும்போதும் சாரம் ஏறும்போதும் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது, விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். தரை வேலைக்கு வந்ததும் அந்தப் பயம் காணாமல் போய்விடுகிறது. உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று வீட்டுக்காரரும் நினைக்கிறார், மேஸ்திரியும் நினைக்கிறார்.

பாத்ரூம் மூலைக்காக ஒரு டைலை எல் வடிவத்தில் வெட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டைலின் ஓரத்தை இடது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, கட்டிங் மெஷினை வலது கையில் வைத்து வெட்டுவார். பென்சில் கோட்டை மறைக்கிறது என்று பிளேடு மேலிருக்கும் கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியை, கழற்றி வைத்திருப்பார். முகம் பிளேடிலிருந்து ஒரு முழ தூரம், செருப்புப் போட்ட கால் அதைவிடக் கிட்டே. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பிளேடு அது, சிக்கி மெஷின் எகிறினால் காலையோ தொடையையோ கிழித்துவிட்டுத்தான் நிற்கும். கார்டு கழற்றிய மெஷினை என் சைட்டில் ஓட்டவிடுவதில்லை, இதில் பேச்சே கிடையாது.

ஆனால் வெட்டுக்காயத்தையாவது உடனே பார்த்துவிடலாம். அறை முழுக்கப் புகை மாதிரி நிற்கிற வெள்ளைத் தூசிதான் எனக்குப் பெரிய கவலை. டைலிலும் கிரானைட்டிலும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள், இருக்கிறது, பல கிரானைட்டில் கால் பங்குக்கு மேலேயே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிச் சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்து, அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்தால் குணமாக்க மருந்து இல்லை, வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டே போகலாம், டிபி வரும் வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த விதிப்படி 8 மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் உச்ச வரம்பு. கதவு சாத்திய பாத்ரூமில் தண்ணீர் இல்லாமல் வெட்டுகிற இடத்தில் அந்த வரம்பெல்லாம் எங்கேயோ போய்விடும். இப்போது கிச்சனுக்குப் பிரபலமாகி வருகிற செயற்கைக் குவார்ட்ஸ் ஸ்லாப் இன்னும் மோசம், பெரும்பாலும் 90 சதவீதம் வரைக்கும் சிலிக்கா. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. நாம் அதே ஸ்லாபை வீட்டுக்குள் வைத்து அறுக்கிறோம்.

கர்சீப்போ துண்டோ கட்டிக்கொள்வதால் இந்த நுண்தூசி நிற்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் படிந்தால்தான் பயன். அதற்கும் முன்னால் தூசி கிளம்பாமல் பார்க்க வேண்டும். நேர் வெட்டுக்கு மெஷினே வேண்டாம், கையால் இழுத்துக் கீறி உடைக்கிற டைல் கட்டர் போதும், தூசி மிகக் குறைவு. மூலை, துளை, கிரானைட் என்றால் மார்பிள் கட்டரில் தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். பல மார்பிள் கட்டர்களோடு டப்பாவிலேயே தண்ணீர்க் குழாய் ஒன்று வரும், பெரும்பாலான இடங்களில் அதைப் பொருத்துவதே இல்லை. வெட்டுவதை வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். கூட்டும்போதும் தரையை நனைத்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

தண்ணீர் என்றதும் கரண்ட் பயம் வரும், அது நியாயமான பயம். பிளக் இல்லாமல் வயரைச் சீவி, சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த லட்சணத்தில் தண்ணீர் ஊற்றி வெட்டினால் ஆள் உயிரோடு இருக்க மாட்டார். தற்காலிக லைனில், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்க வேண்டும், அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனைக் காலையில் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும், ஒட்டுப் போடாத வயரும் ஒழுங்கான பிளக்கும் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு வழியில்லாத சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுகிற வேலையே கூடாது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கு அடியில் தெர்மாகோல் துண்டு வைப்பதைவிட முட்டியில் கட்டிக்கொள்கிற மெத்தை (knee pad) எவ்வளவோ மேல். ஈர சிமெண்ட் தோலை அரிக்கிற கடுமையான காரம் (alkali), கையில் வெடிப்பும் புண்ணும் அதனால்தான், ரப்பர் கிளவுஸ் வேண்டும். கடைசியில் ஆசிட் வாஷ் பண்ணும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நிறையப் பேருக்குத் தெரியும். ரேட் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறோம். தண்ணீர் விட்டு வெட்டினால் சகதி வரும், அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும், அன்றைக்கு ஒட்டுகிற அடி குறையும், அந்தக் கூலி யார் தருவது? அவர் வயிற்றில் அடித்துவிட்டுப் பாதுகாப்பு பேசுவதில் அர்த்தமே இல்லை. ரேட் பேசும்போதே தண்ணீர் வெட்டு, மாஸ்க், துடைக்கிற ஆள் மூன்றையும் சேர்த்துப் பேசி, வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் டைல்ஸ் வாங்குகிற வீட்டில் இது பெரிய தொகையே இல்லை.

வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. இருமல் விடாமல் இருந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கினால், டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருஷமாக என்று நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸையும் டிபியையும் குழப்பிக்கொள்வது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. வடக்கிலிருந்து வந்து ஒட்டிவிட்டுப் போகிற பையன்களுக்கு நோய் தெரியும்போது ஊருக்கே திரும்பியிருப்பார்கள், எந்த சைட்டில் வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்புறம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதியலாம், டைல்ஸ் ஒட்டுகிறவர்களும்தான். பதியாதவர்கள் உங்கள் சைட்டில் இருந்தால் ஆதாரோடு ஒரு நாள் உட்கார்ந்து ஆன்லைனில் பதிந்து கொடுங்கள்.