திசையன்விளை பஸ்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில்தான் என் முதல் வேலை. பஸ் நேரம் காட்டும் திரைக்கு சி மொழியில் புரோகிராம் எழுதினோம். புறப்படும் ஊர், சேரும் ஊர், நடுவில் ஒரு கோடு; இவற்றை ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) ஒட்டும் ஃபங்ஷன் என் தலையில் விழுந்தது.

சி-யிலேயே ஸ்ட்ரிங்குகளை ஒட்ட ஸ்ட்ர்கேட் (strcat) இருக்கிறதே என்பீர்கள். அது இடம் இருக்கிறதா என்று பார்க்காது; ஒட்டிக்கொண்டே போகும். அதோடு ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரிங்கின் முனையை முதலிலிருந்து தேடும். வண்ணார்பேட்டையில் நிற்கிற ஆள் அடுத்த எட்டு வைக்க, டவுனுக்குத் திரும்பிப் போய் ஆற்றுப்பாலம் தாண்டி வருகிற கதைதான். அதனால் நானே எழுதினேன்: ஸ்ட்ர்லென்னால் (strlen) நீளங்களை அளந்து கூட்டு, மல்லாக்கில் (malloc) மெமரியில் இடம் வாங்கு, மெம்காப்பியால் (memcpy) நகல் எடு, ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டக் கடைசியில் ஒரு சைபர் வை.

தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி எல்லாம் ஓடின. திசையன்விளையைச் சேர்த்ததும் புரோகிராம் செத்தது. அதுவும் என் ஃபங்ஷனில் இல்லை, எங்கோ மெமரியை விடுவிக்கிற இடத்தில். இரண்டு நாள் அடுத்தவர் எழுதியதையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சீனியர் அண்ணாச்சி ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "ஏல, ஸ்ட்ர்லென் கடைசி சைபரை எண்ணாதுல்லா? அதுக்கு எங்கல எடம்?"

"அப்ப நாங்குநேரி எப்படி அண்ணாச்சி ஓடுச்சு?"

தாளில் கணக்குப் போட்டார். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; எழுத்தும் அதோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. புறப்படும் ஊரான 'திருநெல்வேலி' கண்ணுக்கு 6 எழுத்து, உள்ளே 12 குறியீடு, 36 பைட். இரு பக்கமும் இடைவெளி விட்ட கோடு 3. நாங்குநேரி 30. மொத்தம் 69. எங்கள் 64 பிட் லினக்ஸில் 69 கேட்டால் மல்லாக் 72 கொடுத்துவிடும். கடைக்காரர் கொசுறு போடுகிற மாதிரி. என் சைபர் அந்தக் கொசுறில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஊர்களுக்கும் இதே அதிர்ஷ்டம்தான்.

திசையன்விளை 33. கூட்டினால் சரியாக 72. கொசுறே இல்லை. சைபர் 73வது பைட்டில், அடுத்த மெமரித் துண்டின் அளவை மல்லாக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் போய் விழுந்தது. அந்த அளவு கெட்டதால்தான் மெமரியை விடுவிக்கிற இடத்தில் செத்தது. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டியிருந்தால் நாங்குநேரியிலேயே பிடித்திருக்கும். எனக்கு அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மல்லாக் வரியில் '+ 1' சேர்த்தேன். சாயங்காலம் திரையில் திசையன்விளை ஓடியது. இப்போதும் ஸ்ட்ரிங் ஒட்டும் எதை எழுதினாலும் சோதிக்கிற முதல் ஊர் அதுதான். இன்னும் அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.