பார்க்கலாம் மாஸ்டர்

"போன மேட்ச் ஜெயிச்சோமா?" என்று கேட்டேன்.

"நாம என்னிக்கு டாக்டர் ஜெயிச்சோம்?" என்றான் கீப்பர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் நெற்றிப்பொட்டில் முழங்காலை இடித்துவிட்டுப் பதறி நின்ற எதிர் டீம் ஃபார்வர்டுகூடச் சிரித்தான். ரெஃப்ரீ வாட்ச்சைப் பார்த்தார். டச் லைனில் இருந்து எங்கள் கோச் மாஸ்டர், "டாக்டர், ஆடலாமா?" என்று கத்தினார். நான் சொன்னது ஒரே வார்த்தை. "பார்க்கலாம் மாஸ்டர்."

நான் டாக்டர் இல்லை, பிசியோ. ஆனால் சென்னை ஃபுட்பால் லீக்கில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறவன் யாராக இருந்தாலும் டாக்டர்தான். முதலில் மறுத்துப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அப்படி விட்டதுகூடத் தப்போ என்று இப்போது சில சமயம் தோன்றும்.

அந்த சீசன் எங்கள் டீமின் நிலவரம் இது. 12 அணிகள், ஆளுக்கு 11 ஆட்டம், கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்கு, அதாவது ரெலிகேஷன். 8 ஆட்டம் முடிந்தபோது எங்களிடம் 5 புள்ளி இருந்தது. ஒரு வெற்றி, இரண்டு டிரா, மற்றதெல்லாம் தோல்வி. அந்த ஒரு வெற்றியும் இரண்டாவது ஆட்டத்திலேயே வந்துவிட்டதால், சீசன் பாதியைத் தாண்டும்போது அது யாருக்கும் நினைவிலேயே இல்லை. ஆபீஸ் டீம் என்பதால் ரெலிகேஷன் என்றால் வெறும் அவமானத்தோடு முடியாது. பையன்களில் பாதிப் பேர் ஸ்டைபண்டில் ஆடுகிறவர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் என்றைக்காவது வேலை நிரந்தரமாகும் என்று காத்திருப்பவர்கள். "டீம் கீழே போச்சுன்னா ஃபைலும் கீழே போயிடும்" என்று மேலதிகாரி ஒருவர் சீசன் நடுவில் வந்து சொல்லிவிட்டுப் போனார். பயமுறுத்தத்தான் சொன்னாரா, நிஜமாகவே அக்கறையில் சொன்னாரா தெரியவில்லை. கீப்பர் அப்போது மூன்றாவது வருஷ ஸ்டைபண்டில் இருந்தான்.

2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) முதல் பத்து சீசனில் ஒரு அணிகூடக் கீழே இறக்கப்பட்டதில்லை. கோடிகளில் புரள்கிற இடத்தில் அந்தப் பயம் இல்லை. பஸ்ஸில் வந்து ஆடிவிட்டுப் போகிற எங்களுக்கு உண்டு. சாம்பியனாக இருந்தாலும் தப்ப முடியாது என்பதற்கு மாஸ்டர் எப்போதும் கோவா கிளப்பான சர்ச்சில் பிரதர்ஸ் கதையைச் சொல்வார். 2012-13-ல் அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை, அடுத்த சீசனில் ரெலிகேஷன். அதே சீசனில் ஃபெடரேஷன் கப்பையும் ஜெயித்திருந்தார்கள். "கப்பு வாங்கினவனே இறங்கிட்டான், நாம எம்மாத்திரம்" என்பார். பையன்களுக்கு இதில் என்ன ஊக்கம் கிடைத்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, அந்த ஒன்பதாவது ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. செகண்ட் ஆஃப் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். கார்னர். கீப்பர் பந்தைப் பிடிக்கத் தாழ்ந்தான், ஃபார்வர்டின் முழங்கால் வந்தது. நான் பெஞ்சில் இருந்து போய்ச் சேர்வதற்குள் கண்ணைத் திறந்துதான் இருந்தான். "கொஞ்ச நேரம் அசையவே இல்ல டாக்டர்" என்று ஸ்டாப்பர் பேக் சொன்னான். அப்போதே சொன்னானா, மறுநாள் பிராக்டீஸில் சொன்னானா என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது. அப்போதே சொல்லியிருந்தால் நான் வேறு எதையும் கேட்டிருக்கவே கூடாது. நினைவு தப்பியதாகச் சந்தேகம் வந்தாலே ஆள் வெளியே, அவ்வளவுதான். மறுநாள் சொன்னான் என்றே என் நினைவு சொல்கிறது. என் நினைவுக்கு அது வசதியும்கூட.

தலையில் அடிபட்ட ஆட்டக்காரரிடம் கிரவுண்டிலேயே கேட்பதற்கு ஐந்து கேள்விகள் உண்டு. மேடக்ஸ் கேள்விகள் என்று பெயர். மேடக்ஸ் என்ற ஆஸ்திரேலியரும் அவருடைய சகாக்களும் அங்கத்திய ஃபுட்பால் ஆட்டக்காரர்களைச் சோதித்து 1995-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. உன் பேர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டுப் பயனில்லை, மூளை குலுங்கியவனும் அதைச் சரியாகச் சொல்லிவிடுவான் என்பதுதான் அதன் சாரம். சற்று முன் நடந்ததைக் கேட்க வேண்டும். இது எந்த கிரவுண்டு? இப்போது எந்த ஆஃப்? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோடு? அதில் ஜெயித்தோமா?

ஐந்தையும் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எந்த கிரவுண்டு? "நேரு." சென்னையில் நேரு ஸ்டேடியமும் உண்டு, நேரு பார்க்கும் உண்டு. இரண்டிலும் ஆடியிருக்கிறோம், இரண்டையும் பையன்கள் நேரு என்றுதான் சொல்வார்கள். எந்த ஆஃப்? "செகண்டு." பாதிக்குப் பாதி வாய்ப்பு. கடைசி கோல்? "அவங்க." அது சரியான பதில். ஆனால் அந்த சீசனில் கடைசி கோல் யார் போட்டது என்று எந்த ஆட்டத்தில் கேட்டாலும் "அவங்க" என்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். போன மேட்ச் யாரோடு? "பேங்க்." லீக்கில் பேங்க் டீம் ஒன்றுக்கு மேல் உண்டு. எந்த பேங்க் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? கேட்டதாக ஞாபகம் இல்லை. அவன் பேங்க்கின் பெயரையும் சேர்த்தே சொல்லி, நான்தான் இப்போது மறந்திருக்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம். அடுத்தவன் ஞாபகத்தைச் சோதித்த ஐந்து கேள்வி, இத்தனை வருஷம் கழித்து எனக்கே சோதனையாக நிற்கிறது.

ஐந்தாவதுதான் நான் மேலே சொன்னது. தொடர்ந்து தோற்கிற டீமிடம் "ஜெயிச்சோமா" என்று கேட்பது கேள்வியே இல்லை. தலையில் அடிபடாதவனும், பட்டவனும், ஏன், வெளியே டீ விற்கிறவரும்கூட "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார். மேடக்ஸ் அந்தக் கேள்வியை வைத்தபோது இப்படி ஒரு டீமை யோசித்திருக்க மாட்டார்.

2014 உலகக் கோப்பை ஃபைனலில் ஜெர்மனியின் கிராமருக்கு இப்படித்தான் தலையில் அடிபட்டது. கால் மணி நேரம் போல ஆடிக்கொண்டே இருந்தார். அப்புறம் ரெஃப்ரீயிடம் போய், இது ஃபைனல்தானா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அவரைக் காட்டிக் கொடுத்தது. எங்கள் கீப்பர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவன் ஜோக் அடித்தான். ஜோக் அடிக்கிறவனுக்குத் தலை தெளிவாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முழுச் சோதனையை ஒழுங்காகச் செய்யக் குறைந்தது 10 நிமிடம் ஆகும். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்கூட இருக்காது. கீப்பர் என்பதால் சிகிச்சைக்காக வெளியே போக வேண்டியதில்லை என்ற விதி வேறு. வெளியே போயிருந்தாலாவது ஒரு நிமிடம் தனியாகப் பேசியிருக்கலாம். கன்கஷனுக்கென்று (அடிபட்டு மூளை குலுங்குவது) தனியாக ஆள் மாற்றும் ஏற்பாடு உலக அளவில் 2021-ல்தான் சோதனை முறையில் வந்தது, இது அதற்கு முந்தைய கதை. திருப்பிப் போட்டுப் பார்க்க டிவியும் இல்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் ஒரு சப்ஸ்டிட்யூட் மிச்சம் இருந்ததும் உண்மை. பெஞ்சில் இரண்டாவது கீப்பர் க்ளவ்ஸ் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். 18 வயசுப் பையன். ஐந்தாவது ஆட்டத்தில் அவனை இறக்கி நாலு கோல் வாங்கியிருந்தோம். நான் அவனைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். அந்த வரிசையை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. புள்ளிக் கணக்குப் பார்ப்பது பிசியோவின் வேலை இல்லை. எனக்கும் கணக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் சிக்கல்.

'பார்க்கலாம்' என்று சொன்னபோது, ஐந்து நிமிடம் கவனித்துப் பார்க்கிறேன் என்ற பொருளில்தான் சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வதும் 'பார்க்கலாம்', கடன் கேட்டால் கிடைப்பதும் 'பார்க்கலாம்'. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். மாஸ்டர் கையை உயர்த்தி ரெஃப்ரீக்குச் சைகை காட்டிவிட்டார். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். சரி என்று சொன்னால் பொறுப்பு என்னுடையது, வேண்டாம் என்றால் தோல்வி என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் கைவசம் இருந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது. கீப்பர் அதற்கப்புறம் இரண்டு பந்து தடுத்தான், ஒன்று நல்ல சேவ். ஆட்டோவில் போகும்போது என்னிடம், "மேட்ச் என்னாச்சு டாக்டர்?" என்றான். டிரா என்றேன். பெரியமேடு தாண்டுவதற்குள் திரும்பவும் கேட்டான். வீட்டுக்குப் போகாமல் ஸ்கேன் எடுக்கப் போனோம், வழியில் வாந்தி எடுத்தான். ஸ்கேன் நார்மல். அதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று மட்டும்தான் ஸ்கேன் சொல்லும், கன்கஷன் இல்லை என்று சொல்லாது. அதை நான் அன்று யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே நான் கேட்டபோது அவன் நிஜமாகவே தெளிவாக இருந்திருக்கலாம். புத்தகமே அதைச் சொல்கிறது. ஆனால் அதே புத்தகம்தான், சந்தேகம் இருந்தால் வெளியே உட்கார வை என்றும் சொல்கிறது.

கடைசி இரண்டு ஆட்டத்திலும் அவனை இறக்க நான் விடவில்லை. மாஸ்டர் கெஞ்சினார், கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சத்தமும் போட்டார். "வேண்டாம் மாஸ்டர்" என்று நேராகச் சொன்னேன். அதைப் பெருமையாக எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுதும்போது வேறு மாதிரி தெரிகிறது. அந்த வார்த்தை என் வாயில் வரும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

18 வயசுப் பையன் ஆடினான். பத்தாவது ஆட்டம் இரண்டு கோலில் தோற்றோம். பதினொன்றாவது ஆட்டம் கோல் இல்லாத டிரா, பையன் பிரமாதமாக நின்றான். மொத்தம் 7 புள்ளி. எங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 6. கோல் வித்தியாசத்தில் அவர்கள் எங்களைவிட மேல், ஆகவே அந்த ஒன்பதாவது ஆட்டத்தின் ஒரு புள்ளி இல்லாமல் நாங்கள் தப்பியிருக்க முடியாது. அதே பையனை அன்றைக்கே இறக்கியிருந்தால் அந்தப் புள்ளி வந்திருக்காது என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

கீப்பருக்கு இரண்டு வருஷம் கழித்து வேலை நிரந்தரமானது. இப்போது சாயங்காலம் வியாசர்பாடியில் சின்னப் பையன்களுக்கு கோச்சிங் கொடுக்கிறான். போன வருஷம் ஒரு பையனின் கணுக்காலைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தான். டீ குடிக்கும்போது பையன்களிடம் அந்தக் கதையை எடுத்தான். "டாக்டர் கேக்குறாரு, போன மேட்ச் ஜெயிச்சோமான்னு. நான் சொன்னேன் பாரு..." பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "அன்னிக்கு ஞாபகம் இருந்துதான் சொன்னியா?"

"என்ன ஞாபகம் டாக்டர்? கார்னருக்கு மேல எனக்கு ஒண்ணுமே தெரியாது. பசங்க சொல்லித்தான் தெரியும், நான் இப்படிச் சொன்னேன்னு. எல்லாரும் சிரிச்சாங்களாமே."

"ஆமா."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்" என்றேன். அவன் க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு, பையன்கள் விட்டுப்போன கோன்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.