அம்மாவின் அரக்குப் பட்டு: வளைகாப்பு வீடியோவுக்கு கலர் கிரேடிங் செய்த கதை

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இதே வேலைதான். அக்காவின் வளைகாப்பை இரண்டு போனில் எடுத்திருந்தோம். என் ஐபோன் கூடத்தில் ஸ்டாண்டில் நின்றது, சித்தி மகன் அவனுடைய ஆண்ட்ராய்டு போனைக் கையில் வைத்துச் சுற்றி வந்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை 12 நிமிடமாக்க வேண்டும். எடிட் செய்வது எம்1 மேக்புக்கில், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில்.

முதலில் சத்தம் படுத்தியது. சித்தி மகன் தம்பி எடுத்த நீளமான கிளிப்பில் ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. போகப் போக, வளையல் கையில் ஏறி முடிந்த பிறகுதான் அதன் கலகலப்பு கேட்டது. வெளிச்சத்துக்கு ஏற்ப போன் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' 30 என்று வைத்து மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் வெட்டி ஒட்டிய பிறகு மாற்றியதால், அந்தக் கிளிப்பின் ஒவ்வொரு வெட்டையும் திரும்ப நகர்த்த வேண்டியிருந்தது. போன் ஃபைல் என்றால் டைம்லைனில் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது நிறத்தைத் திருத்தும் வேலை, அதாவது கலர் கிரேடிங். ஐபோன் எச்.டி.ஆரில், அதாவது மிக அதிக வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துப் பதியும் முறையில் எடுத்திருந்தது. சாதாரண டிவிக்கான நிறத் தரமான ரெக் 709 டைம்லைனில் போட்டதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. வெளிச்சத்தை இழுத்துக் குறைத்தால் முகம் சாம்பல் பூசியது போல் ஆனது. முதல் நோடில் (நிறத் திருத்தங்களை வரிசையாக அடுக்கும் கட்டம்) 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற நிறத் தரம் மாற்றும் கருவியைப் போட்டு, உள்ளே வருவது எச்.டி.ஆரின் அகன்ற நிறத் தரமான ரெக் 2020, காமா (வெளிச்ச அளவைத் திரையில் காட்டும் கணக்கு) எச்.டி.ஆருக்கான எச்.எல்.ஜி., வெளியே போவது ரெக் 709, காமா 2.4 என்று கொடுத்தேன். நெற்றிக் குங்குமத்தின் ஓரம்கூடத் தெளிவாகத் திரும்பி வந்தது.

பிறகு இரண்டு போனின் நிறத்தையும் ஒன்றாக்க எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை எடுத்து அப்பாவின் வேட்டியில் வைத்தேன். கூடமே மஞ்சளாகிவிட்டது. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் உறைத்தது: அது சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. கண்ணுக்கு வெள்ளை, ஆனால் உள்ளே நீலம் ஓடுகிறது. அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால், நீலத்தை ஈடுகட்ட எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றுகிறது.

வேட்டியை விட்டுவிட்டு நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் கோடு அது. கறுப்போ சிவப்போ, எந்த நிறத்தவரின் தோலும் ஏறக்குறைய அதை ஒட்டியே விழும். ஆனால் அக்காவின் கன்னத்திலும் முன்கையிலும் சந்தனமும் மஞ்சளும். அங்கே அளந்தால் மஞ்சள் பக்கம் இழுக்கும். அதனால் சந்தனம் படாத மேல்கையில் மட்டும் ஒரு சின்ன விண்டோ (திருத்த வேண்டிய இடத்தைச் சுற்றி வரையும் எல்லை) போட்டு, அந்த இடத்தை மட்டும் காட்டும் ஹைலைட்டை ஆன் செய்து, இரண்டு போனிலும் அந்த ஒரே இடத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே ஒத்துப்போனது.

இதற்கு மேல் சினிமா போல இருக்கட்டும் என்று டீல்-ஆரஞ்ச் லட் (நீலப்பச்சையும் ஆரஞ்சும் தூக்கலாகத் தெரியும் ஆயத்த நிற மாற்றம்) ஒன்றைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

"இது என் புடவையே இல்லடா. நான் கட்டினது அரக்கு. நீ செங்கல் கலரைக் காட்டுற."

பீரோவிலிருந்து அந்தப் பட்டை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் விரித்தார். அவர் சொன்னதுதான் சரி. அக்காவின் பச்சை வளையலும் மயில் நீலத்துக்குப் போயிருந்தது. லட்டை எடுத்துவிட்டேன். புடவையை மட்டும் திருத்தலாம் என்று ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் குவாலிஃபையரில் அரக்கைத் தேர்ந்தெடுத்தால், உதடும் குங்குமமும் சேர்ந்து வந்தன. புடவையைச் சுற்றி விண்டோ வரைந்து, அது அசைவைப் பின்தொடரும்படி டிராக் செய்தேன். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு குறுக்கே வரும் இடத்தில் டிராக்கிங் அறுந்தது. அங்கே மட்டும் கையால் விண்டோவை நகர்த்தி கீஃபிரேம் வைத்தேன். ஏழு நொடிக்கு ஒரு ராத்திரி போயிற்று. ஆனால் இப்போது பட்டு பட்டாக இருக்கிறது.

எக்ஸ்போர்ட் செய்து மேக்கில் திறந்தால் எல்லாம் வெளிறிக் கிடந்தது. கிரேடில் கை வைக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். வெளிவந்த ஃபைலை டைம்லைனில் மேலே வைத்து, கம்போசிட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்கினேன்; இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அது காட்டும். திரை முழுக்கக் கறுப்பு. அப்படியானால் ஃபைலில் நிறம் மாறவில்லை, காட்டும் விதத்தில்தான் வேறுபாடு. மேக்கின் பிளேயர் ரெக் 709 வீடியோவைச் சுமார் 1.96 காமாவில் காட்டும், நான் வேலை செய்ததோ 2.4-இல்; எண் குறைந்தால் படம் வெளிறித் தெரியும். பிரிஃபரன்சஸில் 'யூஸ் மேக் டிஸ்பிளே கலர் புரொஃபைல்ஸ்' என்பதை ஆன் செய்து, டெலிவர் பக்கத்தில் காமா டேகை (ஃபைலை எப்படிக் காட்ட வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) ரெக் 709-ஏ என்று மாற்றியதும் இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் வீட்டில் எல்லோரும் பார்க்கப்போவது கூடத்து டிவியில். பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன், நிழல் பக்கம் கொஞ்சம் இருட்டு. அதை மட்டும் சற்று ஏற்றினேன்.

எச்.264, 1080, விநாடிக்கு 15 மெகாபிட். 12 நிமிடத்துக்குச் சுமார் 1.35 ஜிபி வந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும் என்று டாக்குமென்டாக அனுப்பினேன். அதில் 2 ஜிபி வரை போகும்.

சமையலறையில் எடுத்த இரண்டு ஷாட்டில் டியூப்லைட் பட்டை பட்டையாக ஓடுவது மட்டும் இன்னும் போகவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போனின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகவில்லை. பெயர் சூட்டு விழாவுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டி வைத்துத்தான் எடுக்கப்போகிறேன். தம்பியின் போனிலும் நேற்றே மாற்றிக் கொடுத்துவிட்டேன்.