மதகுகளை எண்ணிக்கொண்டு ஒரு சைக்கிள் ஓட்டம்

ஓகஸ்டில் எங்கள் ரெஸ்ரோரன்றைப் பூட்டிவிடுவார்கள். பரிஸ் நகரத்தில் சமையலறை வேலை செய்கிற நம்மவர்களுக்கு வருசத்தில் நிம்மதியாகக் கிடைக்கிற லீவு அதுதான். சிலர் லூர்து மாதா கோயிலுக்குப் போவார்கள், சிலர் லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக்கு. நான் சைக்கிளின் சில்லுகளைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு மொன்பர்னாஸ் ஸ்ரேசனுக்குப் போவேன். "இந்த வயசிலை லொறிக்காரனிட்டை அடிபடப் போறியளோ?" என்று மனைவி கேட்பாள். லொறியே வராத பாதைக்குத்தான் போகிறேன் என்றால் நம்பமாட்டாள். இதை வாசித்தாவது நம்பட்டும்.

பிரான்சின் மேற்கு மூலையில் நாந்த் நகரத்தில் தொடங்கி, பிரெத்தாஞ் மாநிலத்தை ஊடறுத்துக்கொண்டு பிரெஸ்ற் துறைமுகப் பக்கம் போகிறது ஒரு கால்வாய். நீளம் 360 கிலோமீற்றருக்குச் சற்று மேல். முன்பு படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குதிரைகளும் மனிதரும் நடந்த கரைதான் இன்றைக்குச் சைக்கிள் பாதை. பெரும்பாலும் தார் கிடையாது, மணலையும் பொடிக்கல்லையும் இறுக்கி உருட்டியிருக்கிறார்கள். நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர் மூவரின் படமும் போட்ட நீலப் பலகை நிற்கும். இந்த வகைப் பாதைக்குப் பிரெஞ்சு வீதிச் சட்டத்தில் 2004இல்தான் தனி இடம் கொடுத்தார்கள். பராமரிப்பு வாகனம் ஒன்று எப்போதாவது வரும். மற்றப்படி மோட்டார் சத்தமே இல்லை.

கால்வாய் வந்த கதை எனக்குப் பிடித்தது. நெப்போலியன் காலத்தில் இங்கிலிசுக்காரரின் போர்க்கப்பல்கள் கடலை மறித்துக்கொண்டு நின்றன. பிரெஸ்ற் கடற்படைத் தளத்துக்குச் சாமான் கொண்டுபோக வழியில்லை. கடலால் முடியாவிட்டால் உள்நாட்டால் போவோம் என்று 1811இல் அவர் உத்தரவு போட்டார். ஆற்றுக்கு ஆறு தொடுத்து, மேட்டை வெட்டி, வேலை முடிய 1842 ஆகிவிட்டது. அதற்குள் நெப்போலியனும் இல்லை, அந்தச் சண்டையும் இல்லை. பிறகு ரயில் வந்தது. கால்வாய் கொஞ்சக் காலம் கற்பலகையும் சுண்ணாம்பும் சுமந்துவிட்டு ஓய்ந்துபோனது. நல்லகாலம் என்றுதான் சொல்வேன். வியாபாரம் பிடித்திருந்தால் கரையெல்லாம் கொங்கிறீற் போட்டுப் பக்கத்தில் பெருந்தெருவும் போட்டிருப்பார்கள்.

நாந்திலிருந்து முழுக்க ஓடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் ரெதோனில் இறங்கிக் கரே வரை போவேன், கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர். போனமுறை அக்காவின் மகனும் கூட வந்தான். இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைப்பான், காலையில் எழும்பத்தான் கள்ளம்.

ரெதோனிலிருந்து மலெஸ்த்ருவா தாண்டி ஜோஸ்லான் வரை உஸ்த் ஆற்றோடு போகிறோம். வடிவான இடம்தான். ஜோஸ்லானில் ரோஹான் குடும்பத்துக் கோட்டை, மூன்று உருண்டைக் கோபுரங்களோடு தண்ணீருக்கு நேர்மேலே நிற்கிறது. அந்தக் குடும்பம் இன்னமும் அதில் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தப் பகுதி எனக்கு அலுக்கும். மேசை மாதிரித் தட்டை. ஒரே இருப்பில் மணிக்கணக்காக மிதிக்க, பின்பக்கம்தான் முதலில் களைக்கிறது. இடையில் நம்மை எழுப்பி விடுகிறவர்கள் மீன்பிடிக்காரர்கள். கெண்டை பிடிக்கிற நீளத் தடிகளைப் பாதைக்குக் குறுக்கே வைத்துவிட்டுக் கதிரையில் தூங்குவார்கள். மணி அடித்தால் தடியை மெல்ல இழுத்து இடம் விடுவார்கள், முகத்தைப் பார்த்து "போன்ஜூர்" சொன்னால் கோபமும் போய்விடும்.

ரோஹான் ஊருக்குப் பிறகுதான் ருசி தொடங்குகிறது. எக்லூஸ் என்கிற மதகுகள் முழுக் கால்வாயிலும் 230க்கு மேல் இருந்தன. இரண்டு சோடிக் கதவு, நடுவில் ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ரோஹானுக்கும் பொந்திவிக்கும் நடுவில் சுமார் 25 கிலோமீற்றருக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட மதகுகள். சைக்கிளில் போகிறவனுக்கு இதன் அர்த்தம் காலில் தெரியும். தட்டையாகக் கொஞ்சத் தூரம், பிறகு மதகு வந்ததும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சின்ன ஏற்றம், திரும்பவும் தட்டை. ஏற்றத்துக்கு முன்னால் கியரை ஒன்று குறைத்து எழும்பி இரண்டு மிதி மிதித்தால் மேலே நிற்கலாம். மதகுக்கு மதகு காவல்காரர் வீடு, சுவரில் மதகின் இலக்கமும் பெயரும், வாசலில் நீல ஹைட்ராஞ்சியா. கதவு இடுக்கால் தண்ணீர் விசிறியடித்துக்கொண்டிருக்கும், பலகை முழுக்கப் பாசி. நாங்கள் கிலோமீற்றரைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். "மாமா, சாப்பாட்டுக்கு இன்னும் எத்தனை எக்லூஸ்?" என்றுதான் பெடியன் கேட்டான்.

இந்த மதகுப்படிக்கட்டுக்கு மேலே இருந்து தண்ணீர் கொடுப்பது இல்வேர்ன் வாய்க்கால். பொஸ்மெலெயாக் குளத்திலிருந்து வருகிறது. குறுக்கே பார்த்தால் கிட்டத்து இடம். சரிவு கெடாமல் மேட்டின் ஓரமாக வளைந்து வளைந்து வருவதால் 63 கிலோமீற்றர். அதன் கரையிலும் மரநிழலில் பாதை இருக்கிறது. அது தனி ஓட்டம், அடுத்த முறைக்கு.

சாப்பாடு. நான் சமையல்காரன், இதைச் சுருக்கமாகச் சொல்ல வராது. பொந்திவிக்குப் பக்கத்தில் கெமெனே என்று ஒரு ஊர், அங்கத்து அந்தூயி என்கிற சொசேஜுக்குப் பெரிய பெயர். பன்றிக் குடலை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருபது தரத்துக்கு மேல் உறைபோல இழுத்துப் போட்டுப் புகையில் காயவிட்டு அவிப்பார்கள். வெட்டினால் வட்டத்துக்குள் வட்டமாக, அறுத்த மரத்தடி போலத் தெரியும். வெளி வட்டம் புகையால் கறுத்திருக்கும், உள்ளே போகப் போக வெளிறும். மெல்லிசாக வெட்டி, சட்டியில் ஓரம் சுருளும் வரை விட்டு, கலெத் என்கிற கறுப்புக் கோதுமைத் தோசைக்குள் வைத்துத் தருவார்கள். பெடியன் மணத்துக்கே கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு முட்டையும் சீஸும் கேட்டான். அவனுக்கு நட்டம்.

ஆனால் கலெத் கிடைக்கவே நேரம் பார்க்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு கிராமத்தில் ஒருவரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். திங்கட்கிழமை பேக்கரியும் பூட்டு, ஓகஸ்டில் சிலது முழுக்கவே பூட்டு. எங்களுக்கு லீவு என்றால் அவர்களுக்கும் லீவுதானே. முதல்நாளே பாண் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். தண்ணீருக்கு மயானத்துக்குப் போங்கள். சிரிக்காதீர்கள், இங்கத்துச் சைக்கிள்காரர் எல்லாரும் செய்வதுதான். பூச்சாடிக்கு ஊற்ற என்று அநேகமான மயானங்களில் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி போத்தலையே எறிந்துவிட்டாள்.

பொந்திவியிலிருந்து பிளவே ஆற்றோடு மேலே போனால் பாதை திடீரென்று முடிந்துபோகும். எதிரே 45 மீற்றர் உயரத்தில் கெர்லெதான் அணைக்கட்டு. 1923இல் தொடங்கி 1930இல் முடித்தது. மின்சாரத்துக்காகக் கட்டிய அந்த ஏரிக்குள் 17 மதகுகள் மூழ்கிப்போயின. கால்வாயும் இரண்டு துண்டாகிவிட்டது. 2015இல் அணையைச் சோதிக்க ஏரியை முழுக்க வடித்தார்கள். அப்போது நானும் போய்ப் பார்த்தேன். சேறு வெடித்துக் கிடந்தது, அதற்கு நடுவே கல்தொட்டிகளும் கூரையில்லாத காவல்காரர் வீட்டுச் சுவர்களும் நின்றன. சனம் திருவிழாவுக்குப் போல வந்திருந்தது.

அணையைச் சுற்றிப் போக இந்த ஓட்டத்தின் ஒரே உண்மையான ஏற்றத்தை ஏறவேண்டும். பழைய ஒடுங்கிய ரயில் பாதை ஒன்று வடக்குக் கரைப் பக்கமாகப் போகிறது, அதையும் இப்போது சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். பக்கத்தில்தான் மூர்-த-பிரெத்தாஞ். 2021 துவர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வான் டெர் பூல் என்கிற வீரர் வென்று, முதலிடத்துக்குரிய மஞ்சள் மேலாடை எடுத்த ஏற்றம். பெடியன் தானும் ஏறிவிட்டு வருகிறேன் என்று போனான். நான் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

போன்-ரெப்போ மடாலயத்தடியில் திரும்பக் கால்வாய் கிடைக்கும். 1184இல் தொடங்கிய மடம், பாதி இடிந்து கிடக்கிறது. அங்கிருந்து குளோமெல் வரை எனக்கு மிகப் பிடித்த துண்டு. ஆட்கள் குறைவு, நிழல் கூட. குளோமெலில் கால்வாய் கடல் மட்டத்திலிருந்து 184 மீற்றர் உயரத்தில் மேட்டைத் தாண்டுகிறது. தாண்டுவதற்காக மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு, சில இடங்களில் இருபது மீற்றருக்கும் மேல் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது 1823இலிருந்து 1832 வரை அங்கே முகாமில் அடைத்து வைத்திருந்த கைதிகள், அநேகமானவர்கள் படையை விட்டு ஓடிப் பிடிபட்டவர்கள். மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும். படையை விட்டு ஓடியவனைப் பிடித்து இப்படி வேலை வாங்குவது எந்த நாட்டிலும் நடக்கும் என்று பெடியனுக்குச் சொன்னேன். மேற்கொண்டு அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, சைக்கிள் விசயம். கடையில் விலை சொல்கிற, பொடிக்கல் பாதைக்கென்று செய்த கிறவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. ரயர் 38, 40 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் போதும், காற்றைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள். மழை பெய்தால் அந்த மணல் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு அரைக்கும். போத்தல் தண்ணீரால் கழுவி எண்ணெய் விடவேண்டும். கரேயிலிருந்து கேங்கானுக்குச் சின்ன ரயில் ஓடுகிறது, அங்கே பரிஸ் ரயிலுக்கு மாறலாம். நாளுக்குச் சில ஓட்டம்தான், நேரத்தை முதலே பாருங்கள். செப்டெம்பருக்குப் பிறகு போகிறவர்கள் ஒரு செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொள்ளுங்கள். வேட்டைக்காலம் தொடங்கியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை காட்டோரத்தில் துவக்குச் சத்தம் கேட்கும்.